வேலைக்குப் போனால் பிள்ளைகளின் பணம் நின்றுவிடுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 32 வயது, வியாசர்பாடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 4. கணவர் டியூவில் வண்டி எடுத்துக் கால் டாக்சி ஓட்டுகிறார். எனக்கு 4,000, பிள்ளைகளுக்குத் தலா 4,000 என்று மாதம் 12,000 ரூபாய் தரச் சொல்லி குடும்ப நல கோர்ட்டில் தீர்ப்பானது. அவர் கோர்ட்டுக்கே வரவில்லை. முதலில் சில மாதம் கொடுத்தார், இப்போது 15 மாதமாக ஒரு பைசா இல்லை. வீட்டில் தையல் எடுத்துச் செய்து மாதம் 5,000 பார்க்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு 14,000 தருவதாகச் சொல்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும், "சம்பளம் வாங்குவது தெரிந்தால் ஜீவனாம்சத்தை நிறுத்திவிடுவார்கள், பாக்கி வரும் வரை போகாதே" என்கிறார்கள். அவரோ, "மாதம் 6,000 தருகிறேன், கேஸை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் ஜெயிலுக்குப் போனாலும் போவேன்" என்று நண்பரிடம் சொல்லி அனுப்புகிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் வேலை விஷயம். போங்கள். அடுத்த வாரமே சேரச் சொன்னால் அடுத்த வாரமே சேருங்கள்.

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் பயமுறுத்துகிறது. மனைவிக்கான தொகை என்பது "தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத" மனைவிக்கு என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-வது பிரிவு. ஆனால் கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதற்காக மட்டும் மனைவிக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் ஒரு முறை இல்லை, பல முறை சொல்லிவிட்டது. நீங்கள் சம்பாதிப்பது கணவர் வீட்டில் வாழ்ந்த அளவுக்குப் போதுமா என்றுதான் பார்க்க வேண்டும். அதனால் உங்கள் 4,000 குறையலாம், போகவும் போகலாம். அதுகூட அவர் தொகையை மாற்றக் கேட்டு 146-வது பிரிவில் மனுப் போட்டு, உங்கள் தரப்பையும் கேட்ட பிறகுதான். பிள்ளைகளின் 8,000 அப்படி இல்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டதால் அப்பாவின் கடமை தீர்ந்துபோகாது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில், பிள்ளைகளின் படிப்புச் செலவை வழக்கமாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் போதிய அளவு சம்பாதிக்கிறார் என்றால் இருவரும் வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ளலாம் என்று இருக்கிறது. சென்னையில் ஒரு பிள்ளைக்கு 4,000 என்பதே பாதிச் செலவுக்குக்கூட வராது. மீதியை இப்போதே நீங்கள்தானே போடுகிறீர்கள்? அதைக் காட்டி வாதாட முடியும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று உங்கள் கைக்கு வருவது 5,000. தீர்ப்பில் இருக்கும் 12,000 பேப்பரில்தான் இருக்கிறது. வேலையில் 14,000 என்றால், மொத்தத்துக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம் 1,680 போகும், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 105 ரூபாய் போகும், கைக்கு 12,200 சொச்சம் வரும். பி.எஃப். பணம் எங்கும் போய்விடாது, கம்பெனியும் தன் பங்கைப் போடும். 105 ரூபாய்க்கு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஈ.எஸ்.ஐ. வைத்தியம், அயனாவரம் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் செலவு இல்லை, அவசரம் என்றால் பெரம்பூரில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கலாம். ஆக வராத 4,000 குறைந்துவிடுமோ என்று பயந்து, வரப்போகும் 7,000-ஐ மாதா மாதம் விடுகிறீர்கள். உங்களைப் போல எத்தனையோ பெண்கள் கேஸ் நடக்கும் மூன்று நான்கு வருடமும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதைக் கோர்ட்டில் பார்க்கிறேன். அந்த வருடங்களில் வயதும் அனுபவமும் போய்விடுகிறது, அப்புறம் 14,000 வேலையே கிடைப்பதில்லை.

இன்னொன்று, மறைத்து வேலைக்குப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்த வழக்குகளில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்பதும் அந்த 2020 தீர்ப்புதான். பி.எஃப். நம்பர் வந்த நாளிலிருந்து உங்கள் சம்பளம் பதிவாகிவிடும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கோர்ட்டில் எடுத்து வைத்தால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் பொய்யாகத் தெரியும். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னதற்குத் தனி நடவடிக்கையும் வரலாம். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "வேலைக்குப் போகிறேன், இவ்வளவு வாங்குகிறேன், பிள்ளைகளுக்கு இவ்வளவு செலவாகிறது, அவர் பங்கு இது" என்று நேராகச் சொல்லும் பெண்ணுக்குக் கோர்ட்டில் மரியாதை கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாக்கி. 15 மாதம், மாதம் 12,000, மொத்தம் 1,80,000. இதில் ஒரு கெடு இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு மாதத் தொகை பாக்கி விழுந்தால், அது விழுந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் கோர்ட் அதற்கு வாரண்ட் பிறப்பிக்கும். அந்தக் கணக்கில் உங்களுக்கு முதல் மூன்று மாதம் ஏற்கெனவே கெடு தாண்டிவிட்டது, இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு மாதம் தாண்டும். ஆனால் அந்தப் பணம் போயே போய்விட்டது என்று இல்லை. நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2013-ல் உச்ச நீதிமன்றம், இந்த ஒரு வருடக் கெடு வாரண்ட் வழிக்கு மட்டும்தான், தொகை மீதான உரிமை அழிவதில்லை, சிவில் வழியில் வசூலிக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. அதற்காக அந்த வழியை நம்பி உட்கார வேண்டாம். சிவில் வழி என்றால் அதற்கு வேறு அலைச்சல். பாக்கியை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவை இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

ஜெயில் பற்றி உங்கள் கடிதத்தில் தெரியும் தயக்கம் எனக்குப் புரிகிறது. சட்டம் சொல்வது இது: வாரண்ட் போட்டும் பணம் வரவில்லை என்றால் பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் கட்டினால் கட்டும் வரை, உள்ளே வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டால் கடன் கழிந்தது என்று நிறைய ஆண்கள் நினைக்கிறார்கள், அவருடைய நண்பரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். கழியாது. சிறை என்பது வசூலுக்கான நெருக்கடி, பணத்துக்கு ஈடு கிடையாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அந்த நண்பரிடமே சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் அவரை உள்ளே அனுப்பினால் உங்களுக்கு என்ன வரும்? ஒரு மாதம் வண்டி ஓடாது, டியூ நிற்கும், அடுத்தடுத்த டியூவும் நின்றால் ஃபைனான்ஸ்காரர் வண்டியை எடுத்துப்போவார், வெளியே வரும்போது அவரிடம் வருமானமும் இருக்காது, கோபம் மட்டும் இருக்கும். அதனால் மனுவைப் போடுங்கள், வாரண்ட் வரை போங்கள், ஆனால் கேட்பது தவணையாக இருக்கட்டும். வாரண்ட் பயத்தில் ஆள் கோர்ட்டுக்கு வந்து நிற்கும் அந்த நாள்தான் உங்களுக்கு முக்கியம். அன்றைக்கு ஒரு தொகை கையில், மீதி பாக்கி மாதத் தவணையாக, நடப்பு மாதப் பணம் பத்தாம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு, இவ்வளவையும் கோர்ட் உத்தரவிலேயே எழுத வைக்க வேண்டும். பணத்தைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள். கொடுத்தேன், இல்லை என்ற சண்டைக்கே பாதி வாய்தா போய்விடும்.

"என்னிடம் ஒன்றும் இல்லை" என்றுதான் அவர் சொல்வார். கால் டாக்சி ஓட்டுகிறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாதுதான், ஆனால் ஆப் கம்பெனி கொடுக்கும் வாராந்திரக் கணக்கு இருக்கிறது, வங்கி ஸ்டேட்மெண்ட் இருக்கிறது, ஜிபே வரவு இருக்கிறது. எல்லாவற்றையும் விட வண்டி டியூ இருக்கிறது. மாதம் தவறாமல் டியூ கட்டுகிற மனிதரிடம் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை என்பதை எந்த நீதிபதியும் லேசில் நம்ப மாட்டார். இந்த ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். அவருடைய பெட்ரோல் செலவும் டியூவும் நிஜம், வண்டி இல்லாமல் அவருக்கு வருமானம் இல்லை என்பதும் நிஜம். அதைக் கழித்துப் பார்த்தே பேசுங்கள். கிடைக்கக்கூடிய தொகையைக் கேட்டால்தான் மாதா மாதம் கிடைக்கும்.

அந்த 6,000 பேச்சுக்கு வருகிறேன். வாபஸ் வாங்காதீர்கள். வாபஸ் வாங்கிய பிறகு மூன்றாவது மாதம் நின்றுபோனால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கான 4,000-ஐ நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் இஷ்டம். பிள்ளைகளின் பணத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, அது அவர்களுடையது, அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் நாளைக்குப் பிள்ளைகள் பேரில் மறுபடி கேட்கலாம். ஆனால் அவர் ஒரு தொகை சொல்லிப் பேச வந்திருக்கிறார் என்பதே நல்ல விஷயம், அந்தக் கதவை மூடிவிட வேண்டாம். ஹைகோர்ட் வளாகத்திலேயே 2005 முதல் சமரச மையம் இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் கேட்பது இதுதான்: பிள்ளைகளின் 8,000 குறையாமல், உங்கள் பங்கை வேலையில் நிலைத்த பிறகு பேசலாம், பாக்கியில் ஒரு பகுதி உடனே, மீதி தவணை. அது கோர்ட்டில் பதிவாக வேண்டும், வழக்கு உயிரோடு இருக்க வேண்டும்.

இனி நான் பேசப்போவது உங்கள் ஒருவருக்காக மட்டும் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அந்த 15 மாதம்கூட இல்லை, வேலை கிடைத்தும் போகப் பயப்படுகிறீர்களே, அதுதான். ஏழைத் தாய் சம்பாதிக்கத் தொடங்கினால் அவளிடமிருந்து எதையாவது பிடுங்குகிற மாதிரி நம் விதிகள் இருக்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தைப் பாருங்கள். கணவனை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ஸ்பான்சர்ஷிப் உதவி அதில் உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். நகரத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 8,000. இன்று 5,000 சம்பாதிக்கும் நீங்கள் வரம்புக்குள் இருக்கிறீர்கள், 14,000 வேலைக்குப் போனால் இல்லை. விண்ணப்பித்த எல்லாருக்கும் அந்த உதவி கிடைப்பதும் இல்லை, அதனால் அதற்காக வேலையை விடாதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன். ஆனால் ஒரு தாய் 8,000 தாண்டியதும் பிள்ளைக்கு வரும் உதவி மொத்தமாக நிற்பதற்குப் பதில் சம்பளம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் என்ன கெட்டுவிடும்? மகளிர் உரிமைத் தொகையில் இந்த நெருக்கடி இவ்வளவு இல்லை, அதன் வரம்பு ஆண்டுக்கு 2,50,000, உங்கள் புதுச் சம்பளம் வருடத்துக்கு 1,68,000-தான். ரேஷன் கார்டில் இன்னும் கணவர் வீட்டில் பெயர் இருந்தால் அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொகையை நிர்ணயிக்கும் முறையும் மாற வேண்டும். ஆள் வராமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும்போது அவர் வருமானம் ஊகம்தான். ஊகத்தில் போட்ட தொகை பெரிதாக இருந்தால் பாக்கி மலைபோல ஏறும், ஏற ஏற ஆள் இன்னும் தலைமறைவாவார். அமெரிக்காவில் இதே பாடத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றார்கள். பாக்கி வைத்தால் டிரைவிங் லைசென்ஸை முடக்கும் அதிகாரம் எல்லா மாகாணத்திலும் இருக்க வேண்டும் என்று 1996-ல் சட்டம் போட்டார்கள், டிரைவர் வேலை பார்ப்பவனின் லைசென்ஸை முடக்கினால் அவன் எதைக் கொண்டு கட்டுவான்? அரசு உதவி வாங்கும் தாயின் பிள்ளைக்கு அப்பா கட்டும் பணத்தையே அரசு தன் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. 2017-ல் கொலராடோ மாகாணம் நடப்பு மாதத் தொகை முழுவதையும் குடும்பத்துக்கே கொடுக்கத் தொடங்கியது. 2016 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசின் விதியையே மாற்றி, தந்தையின் நிஜமான வருமானத்தையும் அவர் உயிர் வாழத் தேவையானதையும் பார்த்துத்தான் தொகை போட வேண்டும் என்றார்கள். இங்கே தந்தைமார் மேல் கோபப்பட்டு "லைசென்ஸைப் பிடுங்கு" என்று எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கோபம் நியாயம்தான், பிள்ளைக்கு வேண்டியது பணம்.

பணம் வருகிற பாதையும் நேராக இல்லை. மாதச் சம்பளக்காரர் என்றால் வழி இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-வது பிரிவில் முதலாளியே சம்பளத்தில் பிடித்து நேராகப் பெண்ணுக்குக் கொடுக்க உத்தரவிடலாம். ஜீவனாம்சம் தரச் சொல்லும் கோர்ட் டிக்ரிக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய சிவில் சட்டத்தில் இடம் உண்டு. ஆப்பில் வண்டி ஓட்டுபவர், டெலிவரி செய்பவர், கொத்தனார், பெயிண்டர், இவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வழி எளிதாகக் கிடைப்பதில்லை. ஆப் கம்பெனிகள் வாரா வாரம் டிரைவர் கணக்குக்குப் பணம் போடுகின்றனவே, கோர்ட் உத்தரவு இருந்தால் அதில் ஒரு பங்கைப் பிள்ளையின் கணக்குக்குத் திருப்புவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலாளர்களுக்கு 2023 முதல் நலவாரியமே இருக்கிறது, யார் எங்கே ஓட்டுகிறார் என்ற பதிவுக்கு அதுவே போதும். அதற்கும் மேல் ஒன்று கேட்பேன். ஜெர்மனியில் 1980 முதல், அப்பா கட்டவில்லை என்றால் அரசே பிள்ளைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அப்பாவிடம் வசூலித்துக்கொள்கிறது. 2017-ல் அதை 18 வயது வரை நீட்டினார்கள். துரத்திப் பிடிக்கும் வேலை அங்கே அரசுடையது. இங்கே அதே வேலையை, ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிற தாயின் தலையில் வைத்திருக்கிறோம். காலைச் சிற்றுண்டித் திட்டத்தைச் செய்து காட்டிய மாநிலம் இதையும் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன்.

இதைப் படிக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. போட்ட தொகை உங்களால் நிஜமாகவே முடியாதது என்றால் ஒளியாதீர்கள், 146-வது பிரிவில் குறைக்கச் சொல்லி மனுப் போடுங்கள், வருமான ஆதாரத்தோடு போடுங்கள். நீங்கள் ஒளிந்திருக்கும் மாதங்களின் பாக்கி தானாகக் கரையாது. முடிந்ததை, 3,000 ஆனாலும், மாதா மாதம் பிள்ளை கணக்கில் போட்டுக்கொண்டே மனுவை நடத்துங்கள்.

சகோதரி, உங்களுக்குச் செலவில்லாமல் வக்கீல் கிடைக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவு. 15100-க்கு போன் செய்யுங்கள், அல்லது பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போகும்போது தீர்ப்பின் சான்றிட்ட நகல், அதில் எம்.சி. என்று தொடங்கும் வழக்கு எண் இருக்கும், அப்புறம் கடைசியாக அவர் பணம் போட்ட மாதம் தெரியும்படி பாஸ்புக் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் செலவு, மருந்துச் செலவு ரசீதுகள், அவருடைய வண்டி நம்பர், எந்த ஆப்பில் ஓட்டுகிறார் என்ற விவரம், அவர் நண்பர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகள் ஏதாவது இருந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பையனை அங்கன்வாடியில் விடுங்கள், பெண் மாநகராட்சிப் பள்ளியில் படித்தால் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். கம்பெனியில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைக் காப்பக வசதி கொடுத்தாக வேண்டும், சேரும்போதே கேட்டுவிடுங்கள், தயங்காதீர்கள். சூப்பர்வைசரிடம் முதல் நாளே, கோர்ட் வாய்தா இருக்கும், தேதி தெரிந்தவுடன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி வையுங்கள். சம்பளக் கணக்கும் பிள்ளைகளின் பணம் வரும் கணக்கும் வேறு வேறாக இருந்தால் பின்னால் கணக்குக் காட்டச் சுலபம், பெண் பேரில் தபால் நிலையத்திலோ வங்கியிலோ நீங்கள் கார்டியனாக ஒரு கணக்கு இந்த வாரமே திறந்துவிடுங்கள்.